பதினேழாம் நம்பர்

அண்டி ஆபீசைப் பூட்டின வருசம்
எனக்கு எலி ஆபீசில் வேலை கிடைத்தது.
தக்கலை தாண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே
ஏசி போட்ட ஒரு வெள்ளை முறி.

முள்ளெலி என்றார்கள்.
ஆரல்வாய்மொழிப் பொட்டலில் பந்தாய்ச் சுருளுமே,
அதுவாக்கும் என்று போனேன்.
இது வேறு.
சுண்டெலியைவிடக் கொஞ்சம் பெரிது, அகலக் காது,
முதுகில் மட்டும் தேங்காய்ச் சகிரியின் சொரசொரப்பு.
மணல் தேசத்துச் சாதி.
வெளியே ஆனிச் சாரல் அடிக்கும்போது
உள்ளே ஈரம் உறிஞ்சும் மெஷின் இரைந்துகொண்டிருக்கும்.
வாளி நிறைந்ததும் எடுத்துப்போய்க் கொட்டுவேன்,
மழையை மழையிலேயே.

"முதுகைப் பிடிச்சுத் தூக்கப்பிடாது அக்கா."
ஷெறின் டாக்டர் முதல்நாள் சொன்னது இதுதான்.
இரண்டாம் நாள் நான் பிடித்துவிட்டேன்.
கையில் தோல் மட்டும் நின்றது
நனைந்த பேப்பர் போல.
எலி மூலைக்குப் போய்
சூரியகாந்தி விதை கொறித்தது.
வேலை போச்சு என்று நின்றேன்.
மூன்றாம் நாள் புண் மூடியிருந்தது.
மாதம் கழிந்து, முள்ளும் முளைத்தபின்
கிழிந்த இடம் எதுவென்று
கிழித்த நானே தேடினேன்.

என் விரல்களில் யாரும் தேட வேண்டாம்.
பதினாலு வயதிலிருந்து அண்டி உடைத்தவை.
சாம்பல் பூசிக்கொண்டுதான் உடைப்போம்,
பால் சாம்பலையும் தின்றுவிட்டு உள்ளே போகும்.
உரியும், கறுக்கும், மறுபடி உரியும்,
கடைசியில் மினுங்கும்.
ரேஷன்கடை மெஷினில் ஒவ்வொன்றாய் வைப்பேன்.
பத்தும் தோற்றபின்
வரிசையில் நிற்கிறவர்களைப் பார்ப்பார் தாசையன்.
நான் நான்தான் என்று
அவர்களில் ஒருத்தர் சொல்ல வேண்டும்.

காதில் துளையிட்டு நம்பர் வைப்பது
சாதாரண எலிக்கு.
புதிதாய் வந்த அஜின் அறியாமல்
இவற்றுக்கும் போட்டு ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டான்.
துளை நாளுக்கு நாள் சுருங்கி
ஊசிக்காது ஆனது.
இரண்டு மாதத்தில் அதுவும் இல்லை.
குருத்தெலும்பு, மயிர், எல்லாம் பழையபடி.
ரிஜிஸ்டரில் இருபத்திரண்டு நம்பர்,
கூண்டுகளில் இருபத்திரண்டு எலி,
எது எது என்று ஒருத்தருக்கும் தெரியாது.
அஜின் அழப்போகிறவன் மாதிரி நின்றான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
ரொம்ப நேரம் நிற்கவில்லை.

பதினேழை மட்டும் எனக்குத் தெரியும்.
வால் அறுந்தவள்.
இத்தனையும் முளைக்கிற உடம்பில்
வால் மட்டும் முளைக்காது.
ஏன் என்று கேட்டேன்.
"அதைத்தான் அக்கா நானும்..." என்று
பாதியில் விட்டாள் ஷெறின்.

ஒருநாள் பதினேழின் அடியில் ரத்தம்.
காயம் என்று பதறி ஓடினேன்.
பஞ்சுக்குச்சியால் தொட்டு, கண்ணாடியில் தேய்த்து,
குனிந்து பார்த்தாள்.
"பீரியட்ஸ் அக்கா."
எலிக்கா?
"மற்ற எலிக்கெல்லாம் கிடையாது. இவளுக்கு உண்டு.
ஒன்பது நாளைக்கு ஒருக்க."
அதைத் தேதி போட்டு எழுதுவதும் என் வேலையானது.
அண்டி ஆபீசில் இருபத்தாறு வருசம்
எங்கள் தேதியை எவரும் எழுதியதில்லை.
கக்கூசுக்கு எழும்பினால் மட்டும்
மேஸ்திரி எழுதுவார்.

பதினேழு பெற்றாள்.
முப்பத்தொன்பது நாள் சுமந்து, மூன்று.
பக்கத்தில் கிடந்த இன்னொருத்தி வந்து
தன் பிள்ளை மாதிரி நக்கித் துடைத்தாள்.
குட்டிகள் ரோமத்தோடு விழுந்தன,
விழுந்ததுமே கண்ணைத் திறந்து
ட்யூப்லைட்டைப் பார்த்தன.

"இது மனுசனுக்கு எப்ப வரும்?"
"நாளாகும் அக்கா."
எவ்வளவு என்று கேட்கவில்லை.

இந்த மாதம் ரேஷன்கடைக்குப் புது மெஷின்.
விரல் வேண்டாம், கண்ணைக் காட்டினால் போதுமாம்.
இமைக்காமல் நின்றேன்.
அது கொஞ்சநேரம் யோசித்தது.
பிறகு என் பெயரை எழுதியது,
ஓர் எழுத்தை விட்டுவிட்டு.

தாசையன் அரிசி நிறுத்தார்.